ஆறும் ஒன்பதும்

பதிமூன்று எம்.எம். ஸ்பானர் இதில் எங்கும் பொருந்தக் கூடாது.
பொருந்தினால் அந்த போல்ட் பின்னால் வந்தது.
எந்தப் பழைய வண்டியையும் இப்படித்தான் தொடங்குவேன்,
கை முதலில், கண் பிறகு.

ஆம்பூர் பைபாஸில் தோல் கிடங்கின் பின்கட்டு.
பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குரோம் நெடி நுழைகிறது.
தார்பாய் விலக்கினால் ரெண்டே சீட்டு வண்டி,
ஐம்பத்தாறாம் வருஷத்து வெள்ளைக்காரன் இரும்பு.
"கோயமுத்தூர் பார்ட்டி ஞாயித்துக்கெழம வராரு சார்.
இஞ்சின் ஒரிஜினல்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்"
என்கிறார் ஜுனைத். அவர் கையில் டீ.
என் கையில் தின்னரில் நனைத்த பனியன் துணி.

டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்தால்
வாரமும் வருஷமும் குத்தியிருக்கிறது,
வண்டியைவிட இரண்டு மாதம் மூத்தது. சரி.
உறுப்பு உடம்பைவிட மூத்ததாக இருக்க வேண்டும்,
இளையதாக இருந்தால்தான் சந்தேகம்.
இரட்டைக் கார்புரேட்டரில்
ஒன்றுக்குப் பித்தளை வில்லை இன்னும் தொங்குகிறது.
மற்றதற்கு இல்லை; அதனாலேயே இரண்டையும் நம்பினேன்.
போலி செய்பவன் எதையும் தொலைத்துவிட்டு வரமாட்டான்.
டைனமோ ஒரிஜினல்.
ரேடியேட்டர் மூடி அம்பாசடருடையது.
வாட்டர் பம்ப் ராணிப்பேட்டையில் வார்த்தது,
சுத்தமான வேலை, 'இல்லை' என்று எழுதினேன்.
"பம்ப்புதானே" என்றார் ஜுனைத்.

பிறகு பிளாக்.

நம்பர் இருக்கும் இடம் இரண்டு விரல் அகலம்.
பெயின்ட் ரிமூவர் தடவிக் காத்திருந்தோம்.
பச்சை சுருங்கியது,
அதன் கீழே மெரூன், அதன் கீழே இரும்பு.
ஃபாக்டரி இரும்பில் மில்லிங் கோடு ஓடும்,
எண்ணுக்கு அடியிலும் நிற்காமல் ஓடும்.
இங்கே வழவழவென்று கண்ணாடி.
அதன்மேல் ஐந்து எண்கள், பள்ளிக்கூட வரிசை போல நேராக:
4 6 1 9 2.

டார்ச்சைச் சாய்த்தேன்.
ஆறின் வயிற்றில் வலப்பக்கம் ஒரு வெட்டு, நொய்யரிசி அளவு.
ஒன்பதின் தலையில் இடப்பக்கம் அதே வெட்டு.
பஞ்ச் செட்டில் ஒன்பது தனியாக வராது.
ஆறைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் ஒன்பது.

அந்த வெட்டை எனக்குத் தெரியும்.
காகிதப்பட்டறையில், தணிகாசலம் லேத்தில்,
பட்டறைக் கல்லின் விளிம்பில் நான் தவறவிட்டது.

தொண்ணூற்றெட்டு. கரண்ட் போன ராத்திரி.
சாக்கு சுற்றிய பிளாக் டெம்போவில் வந்தது.
கூட வந்தவர் சிகரெட் அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்தார்.
"ஒரு எழுத்துக்கு இருவது ரூபா."
ஐந்து அடி. நேராக விழ வேண்டுமே என்று
ஸ்கேலை கிளாம்ப் போட்டு, மூச்சைப் பிடித்து அடித்தேன்.
நூறு ரூபாயில் இதே ஆம்பூரில் செகண்ட்ஸ் ஷூ வாங்கினேன்,
இடது கால் கடித்தது.
எதற்கு நம்பர் என்று கேட்கவில்லை.
பத்தொன்பது வயதில் எனக்கு அது எண் மட்டும்.

"அப்பா வாங்கறப்ப நானும் கூட வந்தேன்.
அந்த புரோக்கர் நம்பரத்தான் மொதல்ல காட்டினான்" என்கிறார் ஜுனைத்.
"அப்பா விரலால தடவிப் பாத்தாரு."

என் பேனா அந்தக் கட்டத்திலேயே நின்றது.
எழுதிவிடலாம். கோயமுத்தூர்க்காரர் கண்டுபிடிக்க மாட்டார்.
நான் அடித்தது அவ்வளவு நன்றாக இருந்தது.

பெட்டியின் அடியறையைத் திறந்தேன்.
லேத்தை விட்டு வரும்போது சம்பள பாக்கிக்குப் பதிலாக
எடுத்து வந்த செட், எண்ணெய்த் துணியில்.
ஆறை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.
"இத அந்தப் பள்ளத்துல வெச்சுப் பாருங்க."

வைத்தார். உட்கார்ந்தது.
திருப்பி ஒன்பதில் வைத்தார்.
அங்கேயும் உட்கார்ந்தது.

கிடங்கில் டிரம் சுற்றுகிற சத்தம்.
டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.
திட்டுவார் என்று நினைத்தேன்.
ஃபீஸ் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் பஞ்சை என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ, இதுக்கு முன்னாடி இன்னா நம்பர் இருந்திச்சி?"

கிரைண்டர் பிடித்ததும் நான்தான்.
நெருப்புப் பொறி ஞாபகம் இருக்கிறது,
காலையில் தூளைப் பெருக்கி வாசலில் கொட்டியது ஞாபகம் இருக்கிறது.